நாளைய தேதி போட்ட தண்ணீர்

ஒகேனக்கல்லில் நான் வேலை பார்த்த லாட்ஜில் போன மாதம் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் யாராவது கேள்வி கேட்டால் ஆள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. மெஷினே பதில் அனுப்பிவிடும். வாடகை எவ்வளவு, சுடுதண்ணீர் எத்தனை மணி வரை, கார் நிறுத்த இடம் உண்டா என்று வழக்கமாக வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டுமாம். ரிசப்ஷனில் இருக்கிற இரண்டு பிள்ளைகளும் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போட்டார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மெஷினை என்ன சொல்ல வைப்பது என்பது அவர்கள் சந்தேகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். அந்தக் கேள்வி வந்தால் மட்டும் ஆளிடம் திருப்பிவிடுங்கள், மெஷினிடம் கொடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதிலும் பாதி என்னுடைய மானம் போன கதை. ஆனாலும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் முனிராஜ். பென்னாகரம் பக்கத்துக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கு கைவிட்டதால், லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மொத்தம் பதினாறு ரூம். முதல் நாலைந்து வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: படுக்கை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் விரிப்பது, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அப்படியே வந்து படுக்கிறவர்களின் தலையணை உறையைத் தனியாக வெந்நீரில் ஊறவைப்பது, ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு ஆற்றுக்குப் போகிறவர்களின் துணிமணியைக் குரங்குகளிடமிருந்து மீட்பது. பிறகு ரிசப்ஷனுக்கு மாற்றினார்கள். கடைசிக் காலத்தில் மேனேஜர் என்று பெயர். வேலை என்னவோ அதே சாவி கொடுப்பதும் வாங்குவதும்தான்.

முதலாளி பெயர் சென்னகேசவன். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் எழுந்து போய், சாவிப் பலகையில் ஏற்கெனவே ஒழுங்காகத் தொங்குகிற சாவிகளை இன்னொரு தரம் ஒழுங்காக மாட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் சமையல்காரர் வரைக்கும் எல்லோரும் கையில் இருக்கிற வேலையில் குனிந்துகொள்வோம். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ரிசப்ஷன் ஆள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆற்றைப் பார்த்துவிட்டு வருவது. இதை அவர் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். மீன் கடைக்காரர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி, பரிசல் துறைப் படிக்கட்டுக்குப் போக வேண்டும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை படி வெளியே தெரிகிறது, தண்ணீர் என்ன நிறம், பரிசல்கள் தண்ணீரில் கிடக்கின்றனவா அல்லது கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்களா. திரும்பி வந்ததும் அவர் மூன்று கேள்வி கேட்பார். பார்த்தாயா, நீயே பார்த்தாயா, எப்போது பார்த்தாய். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் சாக்பீஸைக் கையில் கொடுப்பார். ரிசப்ஷன் மேஜை மேல் ஒரு பெரிய சிலேட்டு இருந்தது. தேதி போட்டு, தண்ணீர் நிலவரத்தை அதில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு மார்கழிக் குளிரில் நான் பாதி வழியில் டீக்கடையில் நின்று, ஆற்றிலிருந்து வந்த ஒருவரை விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். முதலாளி வாசலைக் கை காட்டினார். நான் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டீக்கடையில் அந்த ஆள் சொன்னதும் நான் பார்த்ததும் ஒன்றுதான். அதைச் சொன்னபோது, அது அந்த ஆளுடைய அதிர்ஷ்டம் என்று மட்டும் முதலாளி சொன்னார்.

போனில் விசாரிக்கிறவர்களிடமும் அதே கறார்தான். ஒரு சித்திரையில் சென்னையிலிருந்து ஒருவர் ஆறு ரூம் கேட்டார். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு முதலாளியிடம் சொன்னேன், அருவியில் கொஞ்சம் விழுகிறது என்று சொல்லிவிடலாமா என்று. அவர் போனைத் தானே வாங்கி, இப்போது பாறைதான் இருக்கிறது, மழைக்கு அப்புறம் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சென்னைக்காரர்கள் மழைக்கு அப்புறமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. நேர்மையாக இருந்தால் எல்லாம் கூடி வந்துவிடும் என்று கதை சொல்கிறவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

முதலாளியின் மகள் பவித்ரா கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து பொறுப்பெடுத்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை திடீரென்று எனக்கு மேலதிகாரி. அவள் வந்ததும் ரூம்களை நெட்டில் போட்டாள். முதல் மாதமே ஒரே ரூமை நெட்டில் ஒருவருக்கும் நோட்டில் ஒருவருக்கும் கொடுத்து, ஓசூர்க்காரர் ஒரு பக்கமும் சேலத்துக்காரர் ஒரு பக்கமுமாக ரிசப்ஷனில் சண்டை போட்டார்கள். நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் ஒரு மாதம் வரை அதை டிராயருக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டிலும் எழுதியதால் குழப்பம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

அடுத்தது ஸ்டார். தங்கிவிட்டுப் போனவர்கள் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கீழே நாலு வரி எழுதுவார்கள். அதற்கு நாம் பதில் எழுத வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சட்டையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒருவர் இரண்டு ஸ்டார் போட்டிருந்தார். நான் முறைப்படி எழுதினேன்: "தங்கள் மேலான மடல் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். தாங்கள் குறிப்பிட்டுள்ள குரங்கு எங்கள் லாட்ஜைச் சேர்ந்தது அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அதை யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். பவித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதையே தொடர்ந்து செய்யுங்கள் அண்ணா என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிலேட்டுப் படம் அவளுடைய யோசனைதான். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தினமும் இத்தனை பேர் கேட்கிறார்கள். எல்லோரும் பழைய வெள்ளத்தை இன்றைய வெள்ளம் என்றும், வற்றிய பாறையை மறைத்தும் வீடியோ போடுகிறார்கள். நம்மிடம் இருப்பது அப்பாவுடைய சிலேட்டு, அதையே போடுவோம் என்றாள். காலையில் நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவேன். தேதியும் நிலவரமும் எழுதி மேலிருந்து நாலாவது படியில் சாய்த்து வைத்து, பின்னால் ஆறு தெரிகிற மாதிரி போனில் படம் எடுப்பேன். ஏழு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாவிலும் அது போகும். ஒரே வருடத்தில் பல ஆயிரம் பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். ரூம் கேட்டு வருகிறவர்கள், சிலேட்டு லாட்ஜ் எது என்று பஸ் ஸ்டாண்டிலேயே விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலம் எனக்கு நல்ல காலம். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ பெங்களூரிலிருந்து எழுதியிருந்தார்கள். அதை என் மனைவியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

பவித்ரா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். ஏழு மணி என்றால் ஏழு மணி. ஒரு நாள் விட்டாலும், ஒரு மணி நேரம் தள்ளினாலும், அடுத்த நாள் படம் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். அந்த மெஷின்களின் கணக்கு அப்படி என்பாள். அதனால் நேரம் தவறக் கூடாது என்பது எனக்குள் வேதவாக்காக ஏறிவிட்டது. இன்னொரு பக்கம், முதலாளிக்குக் காது மந்தமாகி, ரிசப்ஷனில் பேப்பர் படிப்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த மூன்று கேள்வியை இப்போது அவர் கேட்பதில்லை. தேதி போட்ட படமே இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது?

காரிமங்கலத்தில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து வந்தது. விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் தேதி போட்டுப் படம் எடுத்துவிட்டேன். மூன்று வாரமாகத் தண்ணீர் ஒரே மாதிரிதான் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பந்தலில் உட்கார்ந்தபடியே படத்தைப் போட்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு முழங்கால் வலி வந்தபோது ஒரு முறை. அப்புறம் வலி இல்லாதபோதும். கடைசியில், ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து, நாளைக்கு, நாளை மறுநாளைக்கு, அதற்கும் அடுத்த நாளைக்கு என்று சிலேட்டை அழித்து அழித்து எழுதி மூன்று படம் எடுத்துவைத்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். லாட்ஜ்காரன் புத்தி; விரிப்பை மூன்று நாளைக்குத் துவைத்து அடுக்கி வைப்பது போலத் தண்ணீரையும் அடுக்கி வைத்தேன். பரிசல் ஓட்டுகிற பெருமாள் மட்டும் ஒரு நாள், காலைப் படத்தில் சிலேட்டின் நிழல் கிழக்குப் பக்கமாக விழுகிறதே என்று கிண்டலாகக் கேட்டான். நானும் சிரித்து மழுப்பினேன்.

அது ஆடி பிறந்த சமயம். இரவெல்லாம் தூறல். காலையில் சாவகாசமாக எழுந்து, முந்தாநாள் சாயங்காலம் எடுத்து வைத்திருந்த படத்தை ஏழு மணிக்குப் போட்டேன். "தண்ணீர் மிதம். நிறம் தெளிவு. பரிசல் ஓடுகிறது." எட்டு மணி சுமாருக்கு ஒரு பெண் போன் செய்தாள். பெயர் செல்வி, துபாயில் நர்ஸ். பாப்பாரப்பட்டியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க லீவில் வந்திருக்கிறாள். அம்மாவைப் பரிசலில் உட்கார வைத்து அருவியைக் காட்ட வேண்டும், பரிசல் நிச்சயம் ஓடுகிறதா, ஓடினால் ஒரு ரூம் போட்டு வையுங்கள் என்றாள்.

"ஓடுதுங்க. நம்ம படத்தப் பாருங்க, இன்னிக்கிக் காலையில எடுத்ததுதான்" என்றேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பது மணிக்கு ஜீப்பில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு வந்தார்கள். கர்நாடகத்தில் அணை திறந்து நீர்வரத்து கூடிவிட்டது. ஆற்றில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. எனக்குச் சட்டென்று செல்வி ஞாபகம்தான் வந்தது. அவளுடைய நம்பர் போனிலேயே மேலே இருந்தது. அவர்கள் அப்போது பென்னாகரம் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். கூப்பிட்டால், காலையில்தான் பார்த்ததாகச் சொன்னீர்களே என்று கேட்பாள். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். இரண்டு ரூம்காரர்கள் காலி செய்து பணம் கட்ட நின்றார்கள். வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாவியை வாங்கி மாட்டினேன்.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். செல்விக்கு முப்பது வயது இருக்கும். அம்மா பெயர் மாதம்மாள். புதுப்புடவை, கையில் மாற்றுத் துணி வைத்த மஞ்சப்பை. வாழ்நாள் முழுக்கப் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற கூலி வேலை. முப்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டு ஒகேனக்கல்லை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லையாம். ஒவ்வொரு லீவிலும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிட்டது. இந்த முறை எப்படியும் காட்டிவிடுவது என்று மகள் முடிவு செய்திருக்கிறாள். மறுநாள் இரவு பெங்களூரில் அவளுக்கு விமானம். பஸ் ஸ்டாண்டிலேயே தடை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ரூம் போட்டிருக்கிறோமே என்று நடந்து வந்திருக்கிறார்கள். ஏழு மணிக்குக்கூடப் பரிசல் ஓடுகிறதென்று தேதி போட்டு வந்ததே என்று செல்வி கேட்டாள். தண்ணீர் திடீரென்று வந்துவிட்டது என்றேன். அது இரண்டாவது பொய்.

அவர்களை ரூமில் விட்டுவிட்டு நான் நேராகப் பெருமாளைத் தேடிக்கொண்டு ஓடினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் அதிகம் போகாத இடத்தில் பரிசலை இறக்கி, கரையோரமாகவே ஒரு சுற்று சுற்றிக் காட்ட முடியுமா, எனக்காகச் செய்யேன் என்று கெஞ்சினேன். எப்படியாவது அந்தம்மாளைப் பரிசலில் ஏற்றிவிட்டால் என் பொய் நேராகிவிடும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. பெருமாள் டீயைக் குடித்து முடித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணா, நீ இன்னிக்கித் தண்ணியப் பாத்தியா? போய்ப் பாத்துட்டு வந்து கேளு. அப்பறமும் ஓட்டச் சொன்னீன்னா ஓட்டறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது, நான் இன்னும் ஆற்றைப் பார்க்கவே இல்லை. படிக்கட்டுக்குப் போகும் வழியில் கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். நான் சிலேட்டை வைக்கிற நாலாவது படி இல்லை. முதல் படியும் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், வேரோடு ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. அறுபது வயதுப் பொம்பளையையும் பெருமாளையும் இதில் இறக்கவா நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இரவிலிருந்தே தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது என்று கடைக்காரர் சொன்னார். ஆறு மணிக்கு நான் வந்திருந்தால் நிறத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து முதலாளியின் எதிரே நின்று, காது கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று படம், போனில் சொன்ன பொய், ஒன்பது மணிக்குக் கூப்பிடாமல் விட்டது, பெருமாளைக் கேட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து சாவிப் பலகைக்குப் போனார். பலகையில் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். பவித்ரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒவ்வொரு சாவியும் ஒரு மணி நேரம் போல இருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது முனிராஜு. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. அப்பறம் வந்து சிலேட்டுல எழுது" என்றார்.

ரூம் கதவைத் தட்டிச் சொன்னேன். செல்வி குறுக்கே பேசாமல் கேட்டாள். நர்ஸ்கள் நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை.

"தண்ணி வந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா ஒம்போது மணிக்கு ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, அம்மாவ வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பேன். எனக்கு இருந்தது இன்னிக்கி ஒரு நாளுதாங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அது மன்னிப்பா, போய் வா என்பதா என்று தெரியவில்லை. மாதம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, பரவாயில்லை தம்பி, விடுங்க என்றார். மகள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து சாதாரண நாளில் மரங்களின் தலைதான் தெரியும். வெள்ளம் வந்தால் மரங்களுக்கு அப்பால் ஆறு தெரியும். முதலாளி சொல்லி, மேலே தண்ணீர்த் தொட்டி ஓரமாக இரண்டு சேர் போட்டுக் கொடுத்தோம். மீன் வறுவல் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். செல்வி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கீழே வந்து, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் சாயங்காலம் வரை மேலேயே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் அதற்குப் பிறகு மாடி ஏறவில்லை.

சிலேட்டில் எழுதினேன்: "இன்று காலை போட்ட படம் முந்தாநாள் எடுத்தது. தேதியை நான் முன்கூட்டியே எழுதினேன். இன்று ஆற்றுக்குப் போகவில்லை. முன்பும் சில நாள் இப்படிச் செய்திருக்கிறேன். இப்போது வெள்ளம், பரிசல் இல்லை. தவறு என்னுடையது. முனிராஜ்." பவித்ரா அதை இரண்டு தரம் படித்தாள். இரண்டு வருடம் பாடுபட்டுச் சேர்த்த பேர் அவளுடையது. போட வேண்டாம் என்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க முடியாது. ரிசப்ஷன் மேஜை மேலேயே சிலேட்டை வைத்து, அவளே படம் எடுத்துப் போட்டாள்.

நாங்கள் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை, ஆசைப்பட்ட அளவும் ஆகவில்லை. சிலர் கை கூப்பும் பொம்மை அனுப்பினார்கள். சிலர் சிரிக்கிற பொம்மை. இரண்டு பேர் திட்டிவிட்டு ரூமை ரத்து செய்தார்கள். பக்கத்து லாட்ஜ்காரர்கள் ஒரு வாரம் டீக்கடையில் என்னை வைத்துப் பொழுது போக்கினார்கள். பரிசல்காரர்கள் அன்றிலிருந்து என்னை நாளைக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்து, நான் ஓய்வு பெறும் வரை விடவில்லை.

செல்வி துபாய் போன பிறகு இரண்டு ஸ்டார் போட்டிருந்தாள். "ரூம் சுத்தம். மீன் நன்றாக இருந்தது. காலையில் பொய் சொன்னார்கள், சாயங்காலம் உண்மையைச் சொன்னார்கள்." பணம் கொடுத்தால் நல்ல வார்த்தையாக ஐம்பது எழுதி இதைக் கீழே தள்ளிவிடுவதாகத் தர்மபுரியில் ஒருவர் பவித்ராவிடம் கேட்டாராம், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பதில் எழுத வேண்டியது என் வேலை. நலம், நலமறிய ஆவல் எல்லாம் வரவில்லை. "படித்தேன். நீங்கள் எழுதியது சரி" என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகு பவித்ரா இரண்டு விதி போட்டாள். ஏழு மணிக் கணக்கு கிடையாது. ஆள் போய்ப் பார்த்தால் படம் போகும், போகாவிட்டால் அன்றைக்குப் படம் இல்லை. படத்துக்குப் பதில் வீடியோ. சிலேட்டில் தேதி எழுதுவதும், அப்படியே ஆற்றுப் பக்கம் திரும்புவதும் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, தடை அறிவிப்பு காதில் விழுந்த நிமிடமே, ரிசப்ஷனில் யார் நின்றாலும் நிற்கட்டும் என்று, ரூம் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் போன். சில நாள் படம் இல்லாமல் போனதால் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரூம் காலியாக இருந்ததில்லை. அந்த இரண்டாவது விதிப்படி நான் எத்தனையோ போன் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், எடுக்கிறவர் திட்டினாலும், எனக்கு உள்ளே நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்வி மறுபடியும் போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன்: தண்ணீர் குறைவு, அருவியில் இரண்டு கிளைதான் விழுகிறது, பரிசல் ஓடுகிறது, ஆனால் பாறை மேல் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரம் முன்பு பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். அப்படியானால் வருகிறோம் என்றாள்.

பெருமாள்தான் பரிசல் ஓட்டினான். மாதம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தோம். ஒரு மணி நேரம் போல நான் கரையிலேயே நின்றேன். பரிசல் திரும்பி வந்தது. புடவை முந்தானை நனைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார் அவர். பிறகு மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அன்னிக்கி மாடி மேல குந்திக்கிட்டுப் பாத்தனே தம்பி, மரத்தையெல்லாம் உருட்டிக்கிட்டுப் போச்சே, அதுக்கு முன்னால இது ஒண்ணுமே இல்லீங்க. மறுபடியும் அப்பிடித் தண்ணி வந்து ஆத்துக்குப் போற வழிய மூடுனாங்கன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

அவர் நம்பரை எழுதிக்கொண்டேன். பட்டன் போன்தான் அவரிடம். எங்கள் படமோ வீடியோவோ அதில் வராது.

போன ஆடியில் தடை போட்டார்கள். நான் அப்போது ஓய்வு பெற்று ஊரில் இருந்தேன். செய்தி தெரிந்ததும் முதல் வேலையாக மாதம்மாளுக்குப் போன் போட்டேன். மதியம் லாட்ஜிலிருந்து ரிசப்ஷன் பிள்ளை என்னைக் கூப்பிட்டான். எல்லா ரூமும் ரத்தாகிவிட்டது, வயதான ஒரு ஆயா மட்டும் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, மொட்டை மாடிக்கு வழி கேட்கிறார்கள் அண்ணா என்றான். சேரை எடுத்துத் தொட்டி ஓரமாகப் போடச் சொன்னேன்.